தெரிந்தும் கேட்டார்
(வானொலி மறையுரை – மாற்கு 10:46-52)



எரிகோவின் சாலையோரத்தில் பார்த்திமேயு கூவி அழைக்கிறார். கூட்டம் அவரை அதட்டுகிறது. இயேசு நின்று, அவரை அழைத்துவரச் சொல்லி, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்வையற்றவர் வேறு எதைக் கேட்பார்? ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். தம் வாழ்வைப் பற்றி அவரே பேசட்டும் என்று காத்திருந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடலோரப் பங்கில், யாரையும் கேட்காமல் ஆலயத் திடலைச் சுற்றி வேலி போட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். மறுநாள் ஒரு தாய் வந்து, "சாமி, இனி வலையை எங்க காயப்போடுறது?" என்றார். வேலியைப் பிரித்துவிட்டோம். ஆனால் பூமிக்குள் ஆழமாகத் துளையிட்டுவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியுமா?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, எண்ணெய், எரிவாயு தேடும் பணிக்கு முன்பே ஆய்வறிக்கை தயாரித்து மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு இதைத் திருத்தியது. நிலத்திலும் கடலிலும் ஆய்வுக் கிணறு தோண்ட இப்போது அந்த அறிக்கையும் வேண்டாம், கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம். எண்ணெய் எடுக்கும் கட்டத்துக்கு வந்த பிறகுதான் மக்களைக் கேட்பார்கள். அதற்குள் கிணறு தோண்டி, பணமும் கொட்டியாகிவிடும்.

2025-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு இப்படித்தான் அனுமதி கிடைத்தது. செய்தி பரவி எதிர்ப்பு எழுந்த பிறகு, அந்த அனுமதியைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் தேவையா?

நம் பழவேற்காட்டை நினைத்துப் பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதால்தான் நமக்குத் தேதி தெரிந்தது, அறிக்கை பார்வைக்கு வந்தது, நாம் பேச முடிந்தது. இராமநாதபுரத்து மக்களுக்கு அந்த வாசலே இல்லை.

எரிபொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் படகுகளும் டீசலில்தான் ஓடுகின்றன. கருத்துக் கேட்பு என்பது வாக்கெடுப்பும் அல்ல, முடிவெடுப்பது அரசுதான். ஆனால் முகத்துவாரம் எப்போது அடைபடும், இறால் எங்கே குஞ்சு பொரிக்கும் என்பதை எந்த அலுவலகக் கோப்பு அறியும்? சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கும் இருளர் தாய்க்குத் தெரியும். நம் முன்னோர் பாடு முறையில் யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடித்தானே முடிவு செய்தார்கள்?

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் (எண் 183) இதையே கற்பித்தார். திட்டம் முடிவான பிறகு அல்ல, தொடக்கத்திலேயே ஆய்வு நடக்க வேண்டும். அந்த இடத்தில் வாழும் மக்களுக்குப் பேச்சில் தனி இடம் வேண்டும் என்றார்.

அன்பானவர்களே, கூட்டம் அறிவித்தால் ஊராட்சி அலுவலகத்தில் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். தேடும் பணிக்கும் எங்களைக் கேளுங்கள் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதட்டும் கூட்டத்தோடு நாம் நிற்க வேண்டாம். நின்று கேட்ட ஆண்டவரோடு நிற்போம்.

ஆண்டவரே, பேசத் துணிவையும், கேட்கச் செவியையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.