போத்தலுக்குள் இருப்பதும் ஓர் அமானிதமே



புகழ் யாவும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே, யுவதிகளே!

நறுமணத்தை விரும்பும் ஒரு சமுதாயம் நாம். ஜும்ஆவுக்குச் செல்லுமுன் குளித்து, தூய ஆடை அணிந்து, அத்தர் பூசிக்கொள்வது நமது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பண்பாடு. நல்ல நண்பனுக்கு உவமை கூற வந்த நபி (ஸல்) அவர்கள், கஸ்தூரி விற்பவரையே எடுத்துக் காட்டினார்கள். அவரிடம் எதையும் வாங்காது போனாலும், அருகில் நின்றவருக்கு நறுமணமாவது கிட்டும் என்பது அந்த ஹதீஸின் கருத்தாகும்.

ஆயின், இன்று அத்தர் விற்பவர் நமக்கு அருகில் நிற்பதில்லை. கொழும்பிலோ பேருவளையிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு வீட்டில் நிரப்பப்படும் போத்தல் இலண்டனிலும் டொரண்டோவிலும் திறக்கப்படுகிறது. எங்கோ தயாரான முகப்பூச்சு நமது மகளின் மேசைக்கு வந்து சேர்கிறது. விற்றவரின் முகத்தை வாங்கியவர் காண்பதில்லை. அவர்கள் இருவருக்கும் இடையே பேசும் ஒரே நாவு, அந்தப் போத்தலில் ஒட்டப்பட்டுள்ள லேபல்தான். அந்த நாவு உண்மை பேசுகின்றதா என்பதே இன்றைய நமது சிந்தனை.

ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதனுள் தமது கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டதென வியாபாரி காரணம் சொன்னார். அப்படியாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என அண்ணலார் வினவினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் எனவும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். தானியத்தை நனைத்தது மழை; அது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை உலர்ந்ததன் கீழே மறைத்ததே அவரது குற்றம். விற்பதும் குறையன்று, இலாபம் பெறுவதும் குறையன்று. வாங்குபவர் அறிய வேண்டியதை மறைப்பதே மோசடி.

இப்போதனையை நமது முன்னோர் ஒரு நிர்வாகமாகவே கட்டியெழுப்பினர். ‘ஹிஸ்பா’ என அழைக்கப்பட்ட அத்துறையின் அதிகாரியான ‘முஹ்தஸிப்’ சந்தையில் நிறுவையையும் அளவையையும் பொருளின் தூய்மையையும் பரிசோதித்தார். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-ஷைஸரி, முஹ்தஸிபுகளுக்கு வழிகாட்டியாக எழுதிய நூலில் அத்தர் வியாபாரிகளுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். கஸ்தூரியிலும் குங்குமப்பூவிலும் செய்யப்படும் கலப்படங்களை அவர் அதில் விளக்கினார். நறுமணப் பொருளுக்குச் சட்டம் எதற்கு என்று அக்கால முஸ்லிம்கள் கேட்கவில்லை.

அன்பர்களே! இன்று மேலைநாட்டுச் சட்டங்கள் கேட்பதும் ஏறத்தாழ இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 2009ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு, 2013 ஜூலை 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அது வியாபாரியிடம் கேட்பது என்ன?

முதலாவது, அப்பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் ஒன்றியத்திற்குள்ளேயே இருத்தல் வேண்டும். அப்பெயரும் முகவரியும் பொதியில் அச்சிடப்படல் வேண்டும். இரண்டாவது, சந்தைக்கு வருமுன்னரே தகைமை பெற்ற ஒருவர் அதன் பாதுகாப்பை மதிப்பிட்டு அறிக்கை எழுதவும், அப்பொருள் பற்றி ஒன்றியத்தின் பதிவேட்டில் அறிவிக்கவும் வேண்டும். அதன் ஆவணங்கள், கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் பேணப்படல் வேண்டும். மூன்றாவது, சேர்மானங்கள் நிறையின் இறங்கு வரிசையில் எழுதப்படல் வேண்டும். 1 வீதத்திற்குக் குறைந்தவற்றை மாத்திரம் இறுதியில் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். இவற்றோடு தொகுதி இலக்கமும் பாவனைக் காலமும் எச்சரிக்கையும் இடம்பெறல் வேண்டும்.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி 1 முதல் தனக்கெனத் தனியான பொறுப்பாளரையும் தனியான அறிவித்தலையும் கோருகின்றது. அமெரிக்காவில் 2022 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம், பாரதூரமான பாதிப்பு ஏதும் ஏற்பட்டதாகத் தகவல் கிடைத்தால் 15 வேலை நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்குமாறு பொறுப்பாளரைக் கட்டாயப்படுத்துகின்றது.

இங்கே இளைஞர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். ‘நாம் விற்பது இயற்கையான பொருள்தானே! இயற்கைக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?’ இதற்கு நமது நாட்டின் கறுவாவே விடை சொல்லும். கறுவா இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பதார்த்தமாகும். கறுவாப் பட்டை எண்ணெயில் முதன்மையானது சினமால். நமது சித்ரனெல்லா எண்ணெயில் ஜெரானியோலும் சிட்ரொனெல்லோலும் உள்ளன. இந்நான்கும் அல்லாஹ் படைத்த செடிகளில் இயற்கையாகவே அமைந்தவை. ஆயினும், சிலரது சருமம் இவற்றை ஏற்பதில்லை; அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் உண்டாகும்.

எனவேதான் 2005ஆம் ஆண்டு முதல், ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய 26 வாசனைப் பதார்த்தங்களைப் பெயர் கூறி அறிவிக்குமாறு ஐரோப்பியச் சட்டம் பணித்தது. மேற்கூறிய நான்கும் அப்பட்டியலில் அடங்கும். சருமத்தில் தங்கும் அத்தர், கிறீம் போன்றவற்றில் இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே பெயரை எழுத வேண்டும். கழுவி அகற்றும் சவர்க்காரம் போன்றவற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எல்லையாகும். 2023ஆம் ஆண்டின் திருத்தம் அப்பட்டியலை 80க்கும் மேலாக விரிவுபடுத்தியது. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு 2026 ஜூலை 31உம், ஏற்கெனவே சந்தையிலுள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31உம் அதற்கான தவணைகளாகும்.

கவனியுங்கள்! இச்சட்டம் கறுவா எண்ணெயைத் தடைசெய்யவில்லை. ‘இதில் இது இருக்கின்றது’ என்று சொல்லிவிட்டு விற்கச் சொல்கின்றது. அதாவது, நனைந்த தானியத்தை மேலே வைக்கச் சொல்கின்றது.

இன்னும் சில பதார்த்தங்களுக்குக் கதவு முற்றாகவே மூடப்பட்டுள்ளது. நீண்டகாலம் வாசனைத் திரவியங்களிலும் சவர்க்காரங்களிலும் சேர்க்கப்பட்ட லிலியல் என்னும் பதார்த்தம் 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்டது. நேற்று அனுமதிக்கப்பட்டது இன்று விலக்கப்படலாம். ஆகவே, பழைய செய்முறையையே நம்பியிருக்கும் வியாபாரி, தான் அறியாமலேயே தீங்கை விற்பவராகிவிடக்கூடும்.

அன்பான இளைஞனே! உனது நிலையில் ஒருவரைக் கற்பனை செய்து பார். மொத்தமாக வாங்கிய வாசனை எண்ணெயைச் சிறு போத்தல்களில் நிரப்புகிறார். ‘தூய ஊத்’ என்று அழகிய லேபல் அச்சிடுகிறார். வெளிநாடு செல்லும் உறவினரின் பெட்டியில் நாற்பது போத்தல்களை வைத்து அனுப்புகிறார். அவ்வெண்ணெயில் என்னென்ன கலந்துள்ளன என்று அவர் விநியோகித்தவரிடம் கேட்கவேயில்லை. போத்தலில் முகவரியும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. அங்கே ஒரு பெண்ணின் கழுத்தில் கொப்புளம் எழுகின்றது. அவள் யாரிடம் முறையிடுவாள்? சுங்க அதிகாரியிடமிருந்து தப்பிய அப்போத்தல், மறுமையின் விசாரணையிலிருந்தும் தப்புமா? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துவிடும் என நமக்குக் கற்பிக்கப்படவில்லையா?

அருமைப் பெற்றோர்களே! இனி உங்களிடம் வருகிறேன். நிகாஹ் நாள் குறிக்கப்பட்டதும் மகளின் முகம் வெண்மையாக வேண்டுமென்று கிறீம் தேடுகிறோம். ஒரே வாரத்தில் நிறம் மாறும் என்று சொல்லப்படும் பெயரறியாத கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. சருமத்திற்கு நிறந்தரும் மெலனின் உற்பத்தியைப் பாதரசம் தடுக்கின்றது. முகம் வெளுப்பதாகத் தோன்றுவது அதனாலேயே. ஆனால், அது சருமத்தினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கின்றது, நரம்புகளையும் தாக்குகின்றது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது விட்டுவைப்பதில்லை. பூசியவரின் துவாயைத் தொடும் குழந்தையையும், பூச்சிலிருந்து எழும் ஆவியைச் சுவாசிக்கும் வீட்டாரையும்கூட அது சென்றடையலாம்.

பாதரசத்தால் பேரழிவைச் சந்தித்த ஜப்பானிய நகரின் பெயரால் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஓகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டுமென அது முதலில் விதித்தது. 2023இல் கூடிய மாநாடு அந்த ஒரு பங்கு என்ற சலுகையையும் நீக்கி, பாதரசம் சேர்க்கப்பட்ட அனைத்தையும் 2025உடன் ஒழிக்கத் தீர்மானித்தது.

சட்டம் இருந்தும் அக்கிறீம்கள் கைமாறிக் கொண்டே இருக்கின்றன. ஆகவே நீங்களே பாருங்கள். லேபலில் மெர்குரி, மெர்குரிக், மெர்குரஸ், கலோமெல் ஆகிய சொற்களில் ஒன்றிருந்தால் அதனைத் தொடாதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பூசவும் என்ற அறிவுறுத்தலும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். சேர்மானமே எழுதப்படாத டப்பாவை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். அனைத்திற்கும் மேலாக, அல்லாஹ் அழகிய அமைப்பில் படைத்த நம் பிள்ளையின் நிறத்தைக் குறையென்று முதலில் சொன்ன நாவு யாருடையது என்பதையும் சிந்தித்துப் பாருங்கள்.

மருதோன்றியும் அவ்வாறே. இலையை அரைத்து இட்டால், பல மணிநேரம் சென்று செம்மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் சிவக்கும். உடனடியாகக் கறுக்கும் ‘கறுப்பு மருதோன்றி’யில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்திற்குரிய பிபிடி என்னும் இரசாயனம் சேர்க்கப்படுகின்றது. 1930களில் அமெரிக்காவில் இதே பதார்த்தம் கொண்ட இமைச் சாயமொன்று பெண்களின் கண்களைப் பாதித்தது, பார்வையிழந்தோரும் உண்டு. அழகுசாதனங்களையும் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திற்கு அத்தகைய துயரங்களே வழிவகுத்தன. ஐரோப்பாவில் இதனைத் தலைமயிர்ச் சாயத்தில் 2 வீதம் வரை மாத்திரமே சேர்க்கலாம். சருமத்தில் தீட்ட அனுமதியில்லை. பெருநாள் இரவில் நம் சிறுமியரின் பிஞ்சுக் கைகளில் அதனை இடலாமா?

இறுதியாக ஒரு விடயம். ஹலால் என்பது வேறு, பாதுகாப்பு என்பது வேறு. நமக்கு இரண்டுமே அவசியம். இந்தோனேசியா தனது 2014ஆம் ஆண்டின் சட்டத்திற்கமைய, அழகுசாதனப் பொருட்களுக்கு 2026 ஒக்டோபர் 17ஐ ஹலால் சான்றிதழுக்கான தவணையாக நிர்ணயித்துள்ளது. பன்றிக் கொழுப்பு இல்லை, மதுசாரம் இல்லை என்பதை அறிந்துகொள்வது நமது உரிமை. ஆனால், ‘அல்கஹோல் அற்றது’ என்ற ஒரு வரி, அப்போத்தலில் வேறு தீங்கு எதுவும் இல்லையென்பதற்கு அத்தாட்சியாகாது. ஹலால் என்ற தூய சொல்லை, சேர்மானத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்துவது இரட்டிப்புப் பாவமாகும்.

எனவே, வாசனைப் பொருள் விற்கும் இளைஞர்களே! எண்ணெய் தருபவரிடம் எழுத்து மூலம் சேர்மான விபரத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். அனுப்பும் நாட்டின் சட்டத்தை அறிந்த பின்னரே அனுப்புங்கள். போத்தலில் உங்கள் பெயரையும் முகவரியையும் தொகுதி இலக்கத்தையும் எழுதுங்கள். கலப்பு அத்தரை ‘கலப்பு’ என்றே சொல்லுங்கள். செலவு கூடும், இலாபம் குறையும். ஆனால் உள்ளம் அமைதி பெறும்.

பெற்றோர்களே! பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் மௌனம் காக்காது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுங்கள். தீங்கைத் தடுப்பதும் நம்மீது கடமையல்லவா!

எல்லாம் வல்ல அல்லாஹ், நமது கொடுக்கல் வாங்கலை உண்மையால் அழகுபடுத்துவானாக! நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் தீங்கிலிருந்து காப்பானாக! ஹலாலான, தூய்மையான வருமானத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.