மனிதகுலத்தின் ஆயுள் எவ்வளவு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் சமயத்தில் ஓர் இளந்தோழர் ஒரு கேள்வி போட்டார். “சூரியனே ஒரு நாள் அணைந்துபோகும் என்கிறார்களே, அது மெய்தானா? மெய் என்றால், கூலிக்கும் போனசுக்கும் நாம் இவ்வளவு மல்லுக்கட்டுவது எதற்கு?” என்றார். சிலர் சிரித்தார்கள். அது சிரிக்கத் தக்க கேள்வி அல்ல. ஆகவே இன்றைய பேச்சு முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் விஞ்ஞானி அல்ல. பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

சூரியன் அணைவது மெய்தான். சூரியன் எரிகிறது என்று நாம் சொன்னாலும், அடுப்பில் விறகு எரிவதுபோல் அது எரிவதில்லை. அதன் நடுப்பகுதியில் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம். அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்கள் பிணைந்து ஹீலியமாக மாறுகின்றன. வினாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன்! அதில் 40 லட்சம் டன் பொருள் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறி வெளியே வருகிறது. நம் நாற்றங்காலில் விழும் வெயில் அதில் ஒரு துளி. இந்த வேலை 460 கோடி ஆண்டுகளாக நடந்து வருகிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குச் சரக்கு இருக்கிறது.

சரக்குத் தீர்ந்ததும் என்ன நடக்கும்? சூரியன் உப்பிப் பெருத்துச் சிவப்பாகும்; புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும்; பூமியும் தப்புவது அரிது. பிறகு மேல் தோலை உதறிவிட்டு, பூமியளவே உள்ள ஒரு வெண்ணிறக் கனலாகச் சுருங்கி, மெல்ல மெல்ல ஆறிப்போகும். எந்த நட்சத்திரம் இப்படி ஆறும், எது நொறுங்கி உள்ளே விழும் என்பதற்கு எல்லைக்கோடு வகுத்தவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. 1983இல்தான் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் கணக்குப்படி நம்முடைய சூரியன் ஆறிப்போகும் ரகம்.

ஆனால், 500 கோடி ஆண்டு இருக்கிறது என்று பூமியில் உட்கார்ந்திருக்க முடியாது. சூரியனின் ஒளி சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே வருகிறது. சுமார் 100 கோடி ஆண்டில் அது இன்றைக்கு இருப்பதைவிடப் பத்திலொரு பங்கு அதிகமாகும். அப்போது கடல்கள் வற்றத் தொடங்கும். ஆகவே நம் வீட்டுக்குக் கெடு 100 கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கோடி கோடி என்றால் மனதில் எதுவும் நிற்பதில்லை. அரிசியைக் கொண்டு அளந்து பார்ப்போம். ஒரு கிலோ அரிசியில் சுமார் 50,000 மணி இருக்கும். ஒரு மணி ஒரு வருஷம். எழுபது வயது வாழ்ந்தவரின் ஆயுள் ஒரு சிட்டிகை. மனிதன் பயிர்செய்யத் தொடங்கி 10,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அது 200 கிராம், ஒருவேளைச் சோற்றுக்கான அரிசி. நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றிச் சுமார் மூன்று லட்சம் ஆண்டு. அது ஆறு கிலோ. கடல் வற்றும்வரை உள்ள 100 கோடி ஆண்டு எவ்வளவு? இருபது டன்! இரண்டு லாரி பாரம் வாசலில் நிற்கிறது, நாம் ஆறு கிலோவைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். லாரி காலியாகும் நாளை நினைத்து இன்றைக்கு உலை வைக்காமல் இருப்பவன் உண்டா?

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. லாரி காலியாவதற்கு முன்பே கொட்டிக் கவிழ்ந்துவிடக் கூடாதே என்பதுதான்.

கவிழ்வதற்குக் காரணங்கள் உண்டு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சுமார் பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டுப் பக்கம் வந்து விழுந்தது. தூசும் புகையும் வானத்தை மறைத்தன. பயிர்பச்சை செத்தது, அதைத் தின்று வாழ்ந்த டைனோசர்கள் செத்தன, அவற்றைத் தின்றவையும் செத்தன. நாம் பிறந்த பிறகும் ஒரு பெரிய சோதனை வந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ரா தீவில் டோபா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் இந்தியா முழுவதும் படிந்தது. ஆந்திரத்தில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படுகையைத் தோண்டிப் பார்த்தார்கள். சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதம் கிடைத்தது. சாம்பலுக்கு மேலேயும் அதே விதமான கல்லாயுதம் கிடைத்தது. புரிகிறதா? அவ்வளவு பெரிய நாசத்திலும் அங்கே மனிதன் தப்பி, மறுபடியும் கல்லை எடுத்துக் கூர்தீட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

டைனோசருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 2022 செப்டம்பர் 26ஆம் தேதி அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சுமார் 160 மீட்டர் கல்லின்மீது வேண்டுமென்றே மோதவிட்டது. அது ஒரு பெரிய கல்லைச் சுற்றிவரும் சின்னக் கல். சுற்றிவரும் நேரம் அரைமணிக்கு மேல் குறைந்துபோயிற்று. வருகிற கல்லைத் தள்ளிவிடலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று. யார் செய்தால் என்ன, இது மனிதகுலத்தின் சொத்து.

கல்லைத் தள்ளலாம். ஆனால் மனிதன் தானே செய்து வைத்த குண்டை? அதே செப்டம்பர் 26, 1983ஆம் ஆண்டு. சோவியத் எச்சரிக்கை நிலையத்தில், அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாக இயந்திரம் அலறியது. பொறுப்பில் இருந்தவர் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி. உண்மையான தாக்குதல் என்றால் ஐந்து கணையோடு நிற்காது என்று யோசித்தார். பொய் அலாரம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயிலைத்தான் இயந்திரம் ஏவுகணை என்று நினைத்துவிட்டது! 1962 அக்டோபர் 27இல் கியூபாவுக்கு அருகே நீர்மூழ்கிக் கப்பலில் அணுவாயுதத்தைப் பிரயோகிக்க இசைய மறுத்தவர் வசீலி அர்ஹீப்பொவ். இரண்டு தடவையும் ஒரு மனிதனின் நிதானத்தால் உலகம் பிழைத்தது. இன்றைக்கும் உலகத்தில் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. 100 கோடி ஆண்டு கெடுவைப் பற்றிக் கேட்ட தோழர் இந்த 12,000 பற்றியும் கேட்க வேண்டும். சமாதானக் கோரிக்கை படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறார்கள். போனசுக்கு முந்திய கோரிக்கை அது.

இனி, தனி மனிதனுடைய ஆயுளுக்கு வருவோம். ஆலைத் தோழர்கள் கவனமாகக் கேளுங்கள், இது உங்கள் தொழிலின் கதை. 1842இல் எட்வின் சாட்விக் என்ற அதிகாரி இங்கிலாந்தின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சாலைகளின் தலைநகரமாக இருந்த மான்செஸ்டரில் கனவான்களின் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பங்களில்? 17! ரட்லண்ட் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் கனவான்களுக்கு 52, கூலிக்காரர்களுக்கு 38. அதாவது மான்செஸ்டர் கனவானும் ரட்லண்ட் கூலிக்காரனும் ஆயுளில் சமம்! சராசரி 17 என்றால் எல்லோரும் பதினேழில் செத்தார்கள் என்று பொருளல்ல. தொட்டிலிலேயே குழந்தைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அதனால் சராசரி இறங்கிற்று. எமனுக்கு ஏழை பணக்காரன் பேதமில்லை என்று சொல்வார்கள். மான்செஸ்டர் எமன் வாடகைச் சீட்டைப் பார்த்துத்தான் கதவைத் தட்டினான்.

பிறகு ஆயுள் எப்படிக் கூடிற்று? அமிர்தம் எதுவும் கிடைத்து அல்ல. சாக்கடை வந்தது, நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது, வேலைநேரம் குறைந்தது, தடுப்பூசி வந்தது. நம் நாட்டில் 1951 மக்கள் கணக்கெடுப்பை ஒட்டிப் போட்ட கணக்கில் சராசரி ஆயுள் 32 வருஷம். இன்றைக்குச் சுமார் 70. நம் பாட்டிமார்கள் பெற்ற குழந்தைகளில் எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள், இந்தக் கணக்கின் அர்த்தம் விளங்கும்.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அம்மை கண்டால் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றி, வேப்பிலை கட்டி, கைகூப்பி நின்றோம். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் மனிதனைத் தின்ற நோய் அது. 1958இல் உலக சுகாதார மாநாட்டில் சோவியத் பிரதிநிதி விக்டர் ஸ்தானவ் இதை உலகம் முழுவதிலும் ஒழித்துவிடலாம் என்று பிரேரணை கொண்டுவந்தார். ஒருவர்மீது ஒருவர் குண்டைக் குறிவைத்திருந்த அதே காலத்தில் ரஷ்யாவும் அமெரிக்காவும் இந்த ஒரு காரியத்தில் கைகோத்தன. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல். உலகத்தில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல், சோமாலியாவில், அவரும் பிழைத்துவிட்டார். 1980இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். வீடுவீடாகப் போய் ஊசி குத்தியவர்கள் யார்? சம்பளம் குறைந்த சாதாரணச் சுகாதார ஊழியர்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இப்போது முதுமையையே நோயாகக் கருதி ஆராய்கிறார்கள். நம் உடம்பிலிருந்து எடுத்து வளர்க்கும் உயிரணு சுமார் ஐம்பது தடவை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று 1961இல் ஹேஃப்ளிக் கண்டார். 2009இல் ஒரு மருந்து கொடுத்து எலிகளின் ஆயுளை நீட்டிக் காட்டினார்கள். மனிதரில் மிக நீண்ட ஆயுள் பிரான்சில் 1997இல் காலமான ஜான் கால்மான் என்ற அம்மையாருடையது, 122 வயது. 2022இல் அமெரிக்காவில் 300 கோடி டாலர் முதலீட்டோடு முதுமையை எதிர்க்கும் கம்பெனி ஒன்று கிளம்பிற்று. ஆராயட்டும், ஆராய்ச்சிக்கு நாம் விரோதியல்ல. அந்த மருந்து வந்தால் எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் நம் கேள்வி. கார்டிங் பகுதியில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சடைத்துப்போன தோழருக்கு 122 வயது வேண்டாம்; தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒழுங்காக ஓடினால் போதும்.

இன்னொன்று. ஆயுள் நீண்டால், நீண்ட வருஷங்கள் யாருடையவை? 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் பென்ஷன் கொண்டுவந்தபோது வயது 70 என்று வைத்தார். அதுவரை பிழைத்திருந்த தொழிலாளி அபூர்வம். 2023இல் பிரான்சில், ஜனங்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி, ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கினார்கள். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நம் நாட்டில் 2014இல் வருங்கால வைப்புநிதி பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நாற்று நடும் தோழிக்கு அதுவும் கிடையாது. விஞ்ஞானம் கொடுத்த வருஷத்தை வேலைவாங்குகிறவர் எடுத்துக்கொண்டால், கூடியது ஆயுளா, ஷிப்டா?

சரி, கடைசியில் இந்தப் பூமியை விட்டு வேறு நட்சத்திரத்துக்குப் போய்விடலாமே என்பார்கள். 1977இல் கிளம்பிய வாயேஜர் கலம் வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கோவைக்கு அரை நிமிஷம். அதே வேகத்தில், பக்கத்து நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டு. அரிசிக் கணக்கில் ஒன்றரைக் கிலோ! வீட்டையே நகர்த்த முடியாதா என்றும் யோசித்திருக்கிறார்கள். 2001இல் மூன்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள்: ஒரு பெரிய விண்கல்லைச் சுமார் 6,000 ஆண்டுக்கு ஒரு தடவை பூமிக்கு அருகில் ஓடவிட்டால், பூமியைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சூரியனிடமிருந்து விலக்கிக்கொண்டே போகலாமாம். குறி தவறினால் டைனோசர் கதிதான். ஆனால் கணக்கு சரி. 6,000 ஆண்டுக்கு ஒரு முறைபோட வேண்டிய வேலை! கல்லணை கட்டிச் சுமார் 2,000 ஆண்டாகிறது. இன்னும் அதில் தண்ணீர் திறக்கிறோம். அந்த மாதிரிப் புத்தியுள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லாபக்கணக்குப் பார்க்கிறவரிடம் ஒப்படைக்க முடியுமா?

கடைசியாக எங்கெல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்துக்குப் பங்கிருந்த மான்செஸ்டர் பஞ்சாலையில் வேலைபார்த்து, அந்த ஊர்த் தொழிலாளியின் நிலையை 1845இல் உலகுக்குச் சொன்ன அதே மனிதர், முப்பது வருஷம் கழித்துச் சூரியனின் மரணத்தைப் பற்றியும் எழுதினார். ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலின் முன்னுரையில் அது இருக்கிறது. சூரிய வெப்பம் குறைந்து, துருவப் பனி முன்னேறி, கடைசி உயிரும் மறையும் காலம் வரும் என்று மறைக்காமல் எழுதினார். அணுவின் இரகசியம் தெரியாத காலம் அது. சூரியன் ஆறிக்கொண்டு வருகிறது என்றே அன்றைய விஞ்ஞானிகள் நினைத்தார்கள். குளிரால் அல்ல, முதலில் வெப்பத்தால்தான் பூமிக்கு ஆபத்து என்று இன்று தெரிகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, அந்த விரிவும் வேகமெடுத்து வருகிறது என்று 1998இல் கண்டார்கள். நூறு லட்சம் கோடி ஆண்டு வாக்கில் கடைசி நட்சத்திரங்களும் மங்கும் என்கிறார்கள். பொருள் அழியாது, இங்கே மறையும் சிந்தனை வேறிடத்தில் வேறு காலத்தில் மறுபடி பிறக்கும் என்று எங்கெல்ஸ் நம்பினார். அவர் சொன்னார் என்பதற்காக அதை நாம் மந்திரம்போல் சொல்லக்கூடாது. விஞ்ஞானம் எதை நிரூபிக்கிறதோ அதை ஏற்போம். எனக்கு வியப்பு வேறு. சூரியன் சாகும் என்று எழுதிய அதே வருஷங்களில்தான் அவர் தொழிலாளர் இயக்கத் தோழர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தார். இரண்டையும் ஒரே மேஜையில்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்கள் முதலில் கேட்கட்டும்.