பாதமலைப் படிகளில் ஒரு நாய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாத்திரையின் பயன் யாது என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். சாத்திரங்களை ஆராய்ந்து பேசும் தகுதி எனக்கில்லை. சென்ற சித்திரையில் நம் இளைஞர் எண்மரோடு சிவனொளிபாதமலை ஏறியபோது, ஒரு தெருநாயால் நான் கற்ற பாடத்தை மட்டும் சொல்லி அமைகிறேன்.

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. சித்திரை அதன் கடைசிப் பகுதி. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் வராத இடைக்காலம் அது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து, பிற்பகலில் இடியும் மழையுமாய்க் கொட்டும். தேயிலை மலையில் பிறந்த நமக்கு இது தெரியாததன்று. ஆகவே, மழைக்கு முன் உச்சியைக் கண்டு திரும்ப எண்ணி, ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். மலையின் உயரம் 2,243 மீட்டர். படிகளோ 5,000க்கும் மேல்.

கடைத்தெருவில் ஒரு செவலை நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. இளைஞர்கள் பிஸ்கட் போட்டார்கள். பிஸ்கட் தொடர்ந்தது, நாயும் தொடர்ந்தது. அதைக் கண்ட உற்சாகத்தில் நான் தருமபுத்திரர் கதையை எடுத்துரைத்தேன். மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவத்தில், திரௌபதி, சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒவ்வொருவராய் வீழ்ந்துவிட, தருமரோடு இறுதிவரை நடந்தது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறும்படி சொன்னான். தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமென்று தருமர் மறுத்தார். நாயாய் வந்தவர் தருமதேவதையே என்பது பின்னர் விளங்கிற்று. இளைஞர்கள் கதையை மிகவும் ரசித்தார்கள்.

சீத கங்குலையைக் கடந்து வெகுதூரம் ஏறியிருந்தோம். அன்று மழை பதினொரு மணிக்கே வந்துவிட்டது. படிகள் வாய்க்கால்களாயின, அட்டைகள் காலில் ஏறின. நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரோ எறிந்த போத்தலின் உடைந்த துண்டு அதன் பாதத்தைக் கிழித்திருந்தது. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம்.

“விட்டுவிட்டு வாருங்கள், நாய்க்கு வழி தெரியும்” என்று சொன்னவர் யார்? இரண்டு மணி நேரத்துக்கு முன் தருமர் கதை சொன்ன நானேதான்! இருபுறமும் இருப்பது 1940ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட காடு. சிறுத்தை உலாவும் இடம். நொண்டும் நாய் அதற்கு எளிய இரை. இதை அறிந்தே சொன்னேன்.

எங்களுள் இளைய தம்பி என்னைப் பார்த்தான். “ஐயா, பிஸ்கட் போட்டுக் கூட்டிவந்தது நாங்கதானே?” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு அது முதல் யாத்திரை; விரதமிருந்து வந்தவன். குடிநீரால் காயத்தைக் கழுவி, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினான். வலியிலுள்ள நாய் தூக்குபவனையே கடிக்கக்கூடும். ஆதலால் மூச்சு முட்டாதபடி அதன் வாயைத் துணியால் தளர்வாகச் சுற்றி, கம்பளியில் பொதிந்து தோளில் சுமந்தான். நானும் அவனோடு இறங்கினேன். இருவர் முகம் சுளித்தனர். ஆயினும் எல்லோரும் திரும்பி, மாறி மாறிச் சுமந்தோம். இடிமின்னலில் உச்சியில் நிற்பது அறிவன்று என்பதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழியில் எதிர்ப்பட்ட சிங்கள மூதாட்டி ஒருவர் நாயைக் கண்டு நின்று, யாத்திரிகர் தம்முள் சொல்லிக்கொள்ளும் “கருணாவை” என்ற வாழ்த்தைச் சொன்னார். கருணையைக் குறிக்கும் அச்சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நல்லதண்ணியில் ஒரு கடைக்காரர் சாக்கு விரித்து நாய்க்கு இடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அத்தம்பி போய்ப் பார்த்து வந்தான். சற்றே நொண்டினாலும் நடக்கிறதாம்.

இளைஞர்களே! நாய்க்கு உணவிட விரும்பினால் அடிவாரத்திலேயே இடுங்கள். ஆசை காட்டி மலைக்கு அழைக்காதீர்கள். அழைத்தால், அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் உங்கள் கடமை. மேலே கொண்டுபோகும் போத்தலைக் கீழே கொண்டுவாருங்கள். பெரியோர்களே! தருமத்தைக் கதையாய்ச் சொல்வது நமக்கு எளிது. அதை இளையவன் ஒருவன் நமக்கே நினைவூட்டும்போது, சினங்கொள்ளாமல் அவன் பின்னே நடப்போமாக.

அன்று நாங்கள் பாதத்தைத் தரிசிக்கவில்லை. யாத்திரை வீணாயிற்று என்று எனக்குத் தோன்றவுமில்லை.