மிஸ்ஸின் பிள்ளைகளை யார் பார்ப்பது?

(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 200 பேருக்கு மேல் நம்ம கண்டி மாவட்டம். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோட்டெல்லாம் மண். 1990க்கு அடித்தாலும் சுவசெரிய அம்புலன்ஸ் எந்த வழியால் வரும்? மேல் லயத்தில் ஒரு தாய்க்கு வலி வந்து, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்போது, "மிட்வைஃப் மிஸ்ஸைக் காணோமே" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். எனக்கும் கோபம்தான், மறைப்பானேன். மூன்றாம் நாள் அவர் நடந்தே வந்தார், முழங்கால் வரை சேறு. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இரண்டு, படுக்கையில் மாமியார். அவர்களைப் பாடசாலை முகாமில் தெரிந்த ஒருவரிடம் விட்ட பிறகுதான் புறப்பட்டிருக்கிறார்.

இது அவர் ஒருவர் கதை அல்ல. நியூயோர்க் வட்டாரத்தில் 6,428 சுகாதார ஊழியர்களிடம் விசாரித்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. கடும் பனிப்புயலில் வேலைக்கு வர மனமிருக்கு என்றவர்கள் 80 வீதம். வர முடியும் என்றவர்களோ 49 வீதம்தான்! வாகனம் இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, வயசாளிகளை விட்டு வரமுடியாது என்றார்கள். அவ்வளவு பெரிய பட்டணத்திலும் நம்ம பிரச்சினைதான். சார்ஸ் போன்ற தொற்றுநோய் என்றால் மனமுள்ளவர்களே 48 வீதம். நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். கொரோனா காலத்தில் நாமும் பார்த்தோமே.

ஆகவே, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டதும், மிஸ் குடும்பத்தை முதலிலேயே பத்திரமான இடத்துக்கு அழைத்து வந்துவிடுவோம். பிள்ளைக்காம்பரா ஆயாவும் இரண்டு தாய்மாரும் பிள்ளைகளைப் பார்க்கட்டும். மாமியாருக்குக் கஞ்சி வைக்க ஒருவர். குறுக்குவழி தெரிந்த பையன்கள் இருவர் டோர்ச்சோடு மிஸ் கூடவே நடக்கட்டும். மாதம் நிறைந்த தாய்மார் எச்சரிக்கை வந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும், ரோடு அடைபடும் வரை காத்திருக்கக் கூடாது.

சம்பள நாளன்று பிரட்டுக்களத்தில் பெயர் எழுதுவேன். முதல் பெயர் என் மனைவியுடையது. அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்!