ஒலிப்புடை ஒலிகளும் நாம் பேசும் ஆங்கிலமும்



நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர் பலர், விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கத் தயங்குகின்றனர். 'உங்கள் நாக்கில் ஆங்கிலம் வராது' என்று எவரோ சொன்னதை நம்பிவிட்டனர். நாக்கின்மீது பழி சுமத்துதல் நியாயமன்று. இங்கே பெரும்பணி தொண்டையினுடையது.

குரல்வளையில் இரு மடிப்புகள் உள்ளன. மூச்சு வெளிவரும்போது அவை நெருங்கி அதிர்ந்தால் பிறப்பது ஒலிப்புடை ஒலி. விலகி நின்றால் ஒலிப்பிலா ஒலி. ஆடவர் பேச்சில் அவை நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், மகளிர் பேச்சில் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. தொண்டையில் விரலை வைத்துப் பாம்புபோல் 'ஸ்' என்று சீறுங்கள், அதிர்வு இராது. வாயை மாற்றாமல் வண்டுபோல் இரையுங்கள். விரலில் அதிர்வு தெரியும். ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்குரிய ஒலி அதுவே.

இது நமக்குப் புதியதா? 'பத்து' என்று சொல்லிப் பின் 'பந்து' என்று சொல்லுங்கள். 'சக்கரம்', 'சங்கு', 'அப்பு', 'அம்பு'. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. மெல்லினத்தை அடுத்த வல்லினம் தானே அதிர்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இத்தகைய ஒலிமாற்றத்தை ஒரு விதியாகவே வகுத்துக் காட்டினார். ஏட்டைத் தொடவும் விடப்படாத நம் பாட்டிமார் அவ்விதியைப் பிழையின்றிக் கையாண்டே பேசினர்.

இடம் நோக்கி ஒலி மாறுவதால் தமிழுக்குத் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்திலோ அவ்வதிர்வே பொருளை மாற்றிவிடும். கடைக்காரர் தரும் பில் வேறு. விழுங்கும் மாத்திரையாகிய பில் வேறு. அணியும் கோட் வேறு. மேயும் ஆடாகிய கோட் வேறு. (இவ்வுரையை அச்சுக் கோப்பவர் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் எடுக்க இயலும். எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை!)

ஆங்கில எழுத்தும் முழு நேர்மையுடையதன்று. பூனைகளைக் குறிக்கும் 'கேட்ஸ்' என்பதன் இறுதி சீறும். நாய்களைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்பதில் எழுதுவது அதே எழுத்துத்தான். ஒலிப்பதோ வண்டின் இரைச்சல். முன்னொலி அதிர்ந்தால் பின்னொலியும் அதிர்கிறது. நம் 'பந்து' நடப்பதும் இவ்வழியேதான். ஆங்கிலக் குழந்தை இதனை நூலில் படித்து அறிவதில்லை.

சொல்லின் இறுதியில் உயிரின் நீளமும் துணை செய்யும். அடித்தலைக் குறிக்கும் 'பீட்' சற்றுக் குறுகும். மாலையில் கோக்கும் மணியைக் குறிக்கும் 'பீட்' சற்று நீளும்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்லாதது ஒன்றுண்டு. மாத்திரையாகிய பில்லைச் சொல்கையில், ஆங்கிலேயர் உதடு திறந்ததும் ஒரு மூச்சை வெளியே தள்ளுவர். நாம் அம்மூச்சின்றிச் சொல்வதால், அவர் செவியில் அது கடைக்காரரின் பில்லாக விழக்கூடும். குறை அந்தச் சிறு மூச்சளவே. இரவு வகுப்பில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, வாய்க்கு அருகே பிடித்து, இரண்டு பில்களையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். மாத்திரைக்குச் சுடர் துள்ள வேண்டும். கடைக்காரர் சீட்டுக்கு அது அவ்வளவாக அசையாது.