வெந்த முகங்களுக்கு ஒரு மருத்துவர்

ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ 1900-இல் நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வயிற்று அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். 1930-இல் லண்டன் வந்தபோது வேலை கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களைச் சீரமைத்த ஹரால்ட் கில்லிஸ் அவருக்கு உறவினர். அவர் கைகொடுக்க, மெக்கிண்டோ பிளாஸ்டிக் சர்ஜரிக்குள் வந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, முகமும் கைகளும் வெந்துபோன இளம் விமானிகள் இங்கிலாந்தில் மெக்கிண்டோ பணியாற்றிய ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தீப்புண்ணில் டானிக் அமிலம் பூசுவது அன்றைய வழக்கம். அது காய்ந்து ஓடுபோல் இறுகி, விரல்களை மடக்க முடியாமல் செய்துவிடும். கடலில் விழுந்து மீட்கப்பட்டவர்களின் புண் நன்றாக ஆறுவதைக் கவனித்த மெக்கிண்டோ, அமிலத்தைக் கைவிட்டார். வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் நோயாளிகளைக் குளிப்பாட்டச் செய்தார். பிறகுதான் தோல் ஒட்டு. இமைக்கும் மூக்குக்கும் பலமுறை கத்தி வைக்க வேண்டியிருந்தது.

அறுவை அரங்குக்கு வெளியே அவர் செய்தது இன்னும் பெரிது. நோயாளிச் சீருடையை ஒழித்தார். வார்டிலேயே பீர் பீப்பாய் வைக்க அனுமதித்தார். ஊர்க்காரர்களிடம் பேசி, இந்த இளைஞர்களை வெறித்துப் பார்க்காமல் வீட்டுக்கு அழைத்து உபசரிக்கச் சொன்னார். ஊரும் அப்படியே செய்தது. நோயாளிகள் 1941-இல் 'கினிப்பன்றிகள் சங்கம்' தொடங்கி, அவரையே தலைவராக்கினார்கள். போர் முடிந்தபோது அதில் 649 பேர் இருந்தார்கள். மெக்கிண்டோ 1960-இல் காலமானார். சங்கத்தினர் 2007 வரை ஆண்டுதோறும் கூடினார்கள்.