தாடை இல்லாத மீன்

2017 ஜூலை. அமெரிக்காவில் ஒரிகான் கடலோர நெடுஞ்சாலை. ஒரு லாரியிலிருந்து தொட்டிகள் சரிந்தன. சாலை முழுக்க வெள்ளைக் கோழை! புல்டோசர் வைத்து வழித்தார்கள்.

உள்ளே இருந்தது ஹேக்ஃபிஷ், சுமார் 3,400 கிலோ. கொரியாவில் விரும்பிச் சாப்பிடுகிறார்களாம்.

விலாங்கு மாதிரி உடம்பு. தாடை கிடையாது. சுறா கவ்வினால், பக்கவாட்டுச் சுரப்பிகளிலிருந்து கோழையைப் பீய்ச்சிச் செவுளை அடைத்துவிடும். சுறா பதறிப்போய்த் துப்பிவிடும்.

சரி, அந்தக் கோழை இதற்கே மூச்சடைக்காதா? அடைக்கும். அதனால் வாலில் ஒரு முடிச்சுப் போட்டு, அதைத் தலைவரை நகர்த்தி, தன்னைத்தானே வழித்துக்கொள்கிறது!

சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் எந்த மீனுக்குமே தாடை இல்லை. அந்த வகையில் இன்று மிஞ்சியிருப்பவை ஹேக்ஃபிஷ்களும், ரத்தம் உறிஞ்சும் லாம்ப்ரேக்களின் குடும்பமும்தான்.